மணிக்கட்டு சொல்லும் ஓய்வுத் துடிப்பு: எவ்வளவு நம்பலாம்?

ஒரே ஆள் இடது கையில் ஒரு ஸ்மார்ட்வாட்ச்சும் வலது கையில் வேறொரு நிறுவனத்தின் ஃபிட்னஸ் பேண்டும் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருந்தால், மறுநாள் காலை ஒன்று அவருடைய ஓய்வு நிலை இதயத் துடிப்பு 54 என்றும் இன்னொன்று 62 என்றும் காட்டக்கூடும். இதில் எது பொய் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டும் பொய் இல்லை. இரண்டு கருவிகளும் துடிப்பை ஏறக்குறைய சரியாகவே எண்ணியிருக்கும். ஆனால் எண்ணிய ஆயிரக்கணக்கான துடிப்புகளிலிருந்து எந்தப் பகுதியை எடுத்து ‘ஓய்வு’ என்று பெயரிட்டுத் திரையில் போடுவது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

உடலில் அணியும் கருவிகளின் துல்லியம் பற்றிக் கடந்த பத்தாண்டுகளில் ஏராளமான ஆய்வுகள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பகுதி ஓடும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் கருவி எவ்வளவு தவறுகிறது என்பதைப் பற்றியவை. சும்மா இருக்கும்போது எடுக்கும் அளவு எளிதானது, அதில் சிக்கல் இல்லை என்ற எண்ணம் ஆய்வாளர்களிடமே உண்டு. அந்த எண்ணம் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கடிகாரம் தரும் எண்களிலேயே மருத்துவரிடம் அதிகம் கொண்டுபோகப்படுவதும், இரவில் தூக்கத்தைக் கெடுப்பதும் இந்த ஓய்வுத் துடிப்புதான்.

ஒளியால் எண்ணுதல்

நாடியைக் கடிகாரம் வைத்து எண்ணுவது புதிய பழக்கம் அல்ல. ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர் 1707இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றையும் செய்வித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லெம் ஐந்தோவன் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் ஈசிஜியைக் கொண்டுவந்தார். அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். இன்றுவரை எல்லா ஒப்பீடுகளுக்கும் உரைகல் அதுதான். 1930களின் இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற உடலியலாளர், தோலில் ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதிவுசெய்யும் முறையை விவரித்தார். இன்று நம் மணிக்கட்டில் மினுக்கும் பச்சை விளக்கு அந்த முறையின் வாரிசு. இடையில் ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் மார்புப் பட்டையோடு கூடிய கம்பியில்லாத இதயத் துடிப்பு மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஒளியை நம்பவில்லை; ஈசிஜியைப் போலவே மின்னோட்டத்தைப் பிடிப்பது. அதனால்தான் மார்புப் பட்டை இன்றும் மணிக்கட்டுக் கருவிகளை விட ஒரு படி மேலே நிற்கிறது.

ஒளிமுறையின் அடிப்படை எளிது. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது மணிக்கட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் சற்றே கூடுகிறது. ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறையும், வடியும்போது கூடும். இந்த அலையின் முகடுகளை எண்ணினால் துடிப்பு கிடைத்துவிடும். சிக்கல் என்னவென்றால், திரும்பி வரும் ஒளியில் துடிப்பால் மாறும் பங்கு மிகச் சிறியது. கையை அசைத்தால், கடிகாரம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால், அதனால் வரும் மாற்றம் துடிப்பால் வரும் மாற்றத்தை விழுங்கிவிடும். ஓடும்போது சில கருவிகள் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்குவது இதனால்தான். நிமிடத்துக்கு 170 அடி வைத்தால் துடிப்பும் 170 என்று காட்டும். இதைச் சரிக்கட்டத்தான் அசைவைக் கணிக்கும் சென்சாரையும் அல்காரிதத்தையும் கூடவே வைக்கிறார்கள்.

அல்காரிதம் ஊகம் செய்யும் என்பதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 2019இல் சீன சமூக ஊடகங்களில் கழிப்பறைக் காகிதச் சுருளுக்கு ஃபிட்னஸ் பேண்டைக் கட்டிப் பார்த்தார்கள். பேண்ட் அதற்கும் ஒரு துடிப்பு சொன்னது. வாழைப்பழத்துக்கும் சொன்னது. உடனே ‘எல்லாம் ஏமாற்று’ என்று பலர் முடிவுகட்டினார்கள். அது அவசரத் தீர்ப்பு. ஒளியைத் திருப்பியனுப்பும் எந்தப் பொருளிலும் ஏதோ ஒரு சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். அதில் துடிப்பைத் தேடும்படி கட்டளையிடப்பட்ட மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்துத் தந்துவிடுகிறது. மனிதக் கையில் உண்மையான அலை இருப்பதால் அதைச் சரியாகவே பிடிக்கும். ஆனால் அலை பலவீனமாகும்போது ‘தெரியவில்லை’ என்று சொல்வதற்குப் பதில் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடும் சுபாவம் அதனிடம் உண்டு. காகிதச் சுருள் காட்டிக்கொடுத்தது இந்தச் சுபாவத்தைத்தான்.

சோதனைகள் கண்டது

2015இல் ஆப்பிள் வாட்ச் கடைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் ஃபிட்பிட் தன் முதல் மணிக்கட்டுத் துடிப்பு மானியை வெளியிட்டிருந்தது. 2016 ஜனவரியிலேயே ஃபிட்பிட் மீது அமெரிக்காவில் வழக்குப் பாய்ந்தது. கடுமையான உடற்பயிற்சியின்போது கருவி சராசரியாக 20 துடிப்பு வரை தவறுகிறது என்று வாதிகளின் தரப்பு 43 பேரை வைத்துச் செய்வித்த ஆய்வு ஒன்றைக் காட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே வழக்குப் போட்டவர்களின் வக்கீல்கள்தானே என்று நிறுவனம் மறுத்தது. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டியதில்லை. ஆனால் யார் பணத்தில் நடந்த ஆய்வு என்ற கேள்வி இந்தத் துறையில் அன்று முதல் கூடவே வருகிறது.

2017இல் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வந்தன. கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் ஆரோக்கியமான 50 பேரை டிரெட்மில்லில் ஏற்றி, நான்கு மணிக்கட்டுக் கருவிகளையும் ஒரு மார்புப் பட்டையையும் ஈசிஜியோடு ஒப்பிட்டார்கள். முழு ஒத்திசைவுக்கு 1 என்று வைத்தால், மார்புப் பட்டை 0.99 பெற்றது. ஆப்பிள் வாட்ச்சும் மியோ கருவியும் 0.91, ஃபிட்பிட் சார்ஜ் எச்.ஆர். 0.84; பேசிஸ் பீக் 0.83. ஓய்வில் நன்றாக இருந்த துல்லியம், வேகம் கூடக்கூடச் சரிந்தது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யூவன் ஆஷ்லியின் குழு 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகளின் துடிப்புக் கணக்கு 5 சதவீதப் பிழைக்குள் அடங்கியது. எரித்த கலோரிக் கணக்கோ அவமானம்: ஏழிலேயே சிறந்தது சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். கடிகாரம் சொல்லும் கலோரியை நம்பி இன்னொரு வடை எடுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெசிலின் டன்னின் குழு 53 பேரிடம் ஆறு கருவிகளைச் சோதித்தது. அசைவின்போது பிழை, ஓய்வில் இருந்ததை விடச் சராசரியாக 30 சதவீதம் அதிகம். இதற்கு முந்தைய ஆண்டு, 2019இல் வந்த ஒரு சிறிய ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஒரே ஒருவர், ஒரு முழு நாள், ஈசிஜியும் ஆப்பிள் வாட்ச் 3உம் ஃபிட்பிட் சார்ஜ் 2உம் ஒன்றாக அணிந்து சாதாரண வாழ்க்கை வாழ்ந்தார். ஆய்வகத்தில் டிரெட்மில் மீது அரை மணி நேரம் ஓடவைப்பதை விட இது நம் வாழ்க்கைக்கு நெருக்கமானது. நாள் முழுவதற்குமான கணக்கில் ஆப்பிள் சராசரியாக 1.8 துடிப்பும் ஃபிட்பிட் 3.5 துடிப்பும் குறைவாகக் காட்டின. இரண்டின் பிழையும் 6 சதவீதத்துக்குள். ஒருவரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மற்ற ஆய்வுகள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

தூக்கத்தில் எடுத்த அளவுகள் இன்னும் நெருக்கமானவை. ஃபின்லாந்தின் ஓரா மோதிரத்தை 49 பேரிடம் ஈசிஜியோடு ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வில், இரவுத் துடிப்பின் சராசரி வேறுபாடு ஒரு துடிப்புக்கும் குறைவு. ஆய்வாளர்களில் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் முடிவு நம்பத்தக்கதே: விரலில் ரத்த ஓட்டம் தாராளம், தூங்குகிறவர் அசைவதில்லை, ஒளிமுறைக்கு இதை விடச் சாதகமான சூழல் கிடையாது.

இந்தச் ‘சராசரி வேறுபாடு’ என்பதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒரு கருவி பாதி நேரம் 10 கூட்டியும் பாதி நேரம் 10 குறைத்தும் காட்டினால் சராசரி வேறுபாடு பூச்சியம், கருவியோ உதவாக்கரை. மாறாக, எப்போதும் 8 குறைத்தே காட்டும் கருவிக்கு ஈசிஜியோடு உள்ள தொடர்புக் கெழு ஏறக்குறைய 1 ஆக இருக்கும். 1986இல் மார்ட்டின் பிளண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இந்தக் குழப்பத்தைத்தான் தீர்த்தது: இரு கருவிகளை ஒப்பிடும்போது சராசரி வேறுபாட்டோடு, தனித்தனி அளவுகள் எந்த எல்லைக்குள் சிதறுகின்றன என்பதையும் சொல்லுங்கள் என்றார்கள். 2018இல் 15 பேர் சைக்கிள் மிதிக்கும்போது ஃபிட்பிட் சார்ஜ் 2ஐச் சோதித்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். சராசரியாக 5.9 துடிப்புதான் குறைவு. ஆனால் தனி அளவுகள் 28.5 குறைவிலிருந்து 16.8 கூடுதல் வரை சிதறியிருந்தன. விளம்பரத்தில் ‘95 சதவீதத் துல்லியம்’ என்று மட்டும் போட்டிருந்தால், இந்தச் சிதறல் எவ்வளவு என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. மருத்துவமனை மானிட்டர்களுக்கான அமெரிக்கத் தரநிலை, 10 சதவீதம் அல்லது 5 துடிப்பு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அனுமதிக்கிறது. அணிகருவி ஆய்வாளர்கள் பலரும் இதே 10 சதவீதத்தைக் கையாளுகிறார்கள். அதாவது உண்மையான துடிப்பு 60 என்றால் 54 காட்டினாலும் 66 காட்டினாலும் கருவி தேறிவிடும். ஓடும்போது 160க்குப் பதில் 150 காட்டினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. ஓய்வுத் துடிப்பில் நாம் தேடும் மாற்றமே மூன்று, நான்கு துடிப்புதான். அதற்கு இந்த அளவுகோல் தளர்வானது என்பது என் கருத்து.

எது ஓய்வு?

இனி விஷயத்தின் மையத்துக்கு வரலாம். மருத்துவர்கள் ஓய்வுத் துடிப்பு என்று சொல்வது, விழித்திருக்கும் ஒருவர் சில நிமிடங்கள் அமைதியாக உட்கார்ந்தோ படுத்தோ இருந்த பிறகு எடுக்கும் அளவு. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்ற பாடப்புத்தக வரம்பு இந்த அளவைப் பற்றியது. நெடுந்தூர ஓட்ட வீரர்களுக்கு 40 அளவில் இருப்பதும் உண்டு.

கருவிகள் இந்த வரையறையை அப்படியே பின்பற்றுவதில்லை; ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. கார்மின் நிறுவனம் 24 மணி நேரத்தில் மிகக் குறைந்த அரை மணி நேரச் சராசரியை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது ஆழ்ந்த தூக்கத்தில் விழும். ஆப்பிள் 2017இல் இந்த எண்ணைக் காட்டத் தொடங்கியது. பகலில் உடல் அசையாமல் இருக்கும் தருணங்களை அசைவுச் சென்சார் மூலம் அடையாளம் கண்டு, அப்போதைய துடிப்புகளிலிருந்து கணிக்கிறது. தூக்கத்தின் மிகக் குறைந்த அளவு அதில்லை என்றும் சொல்கிறது. ஃபிட்பிட் விழிப்பையும் தூக்கத்தையும் கலந்து கணக்கிடுகிறது. வூப் பேண்ட், ஓரா மோதிரம் போன்றவை இரவுத் தூக்கத்தையே ஆதாரமாகக் கொள்கின்றன. தூக்கத்தில் இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் நரம்பின் கை ஓங்கியிருக்கும். பகலில் உட்கார்ந்திருக்கும்போது இருப்பதை விடத் துடிப்பு ஐந்து, பத்து குறைவாக இருப்பது இயல்பு. ஆக, ஒரே மனிதருக்கு கார்மின் 54 சொல்வதும் ஆப்பிள் 62 சொல்வதும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான சரியான பதில்கள். இரண்டையும் ஒரே பெயரில் திரையில் போட்டதுதான் தவறு.

‘மிகக் குறைந்த அளவு’ என்பதைத் தேர்ந்தெடுப்பதிலேயே புள்ளியியல் பொறி ஒன்று இருக்கிறது. ஆயிரம் அளவுகளில் மிகச் சிறியதை எடுத்தால், உண்மையிலேயே துடிப்பு குறைந்த நேரத்தோடு கருவி தவறிக் குறைத்துக் காட்டிய நேரமும் அகப்படும். பிழை எப்போதும் ஒரே பக்கம் சாயும். கார்மின் அரை மணி நேரச் சராசரி எடுப்பது இதைத் தணிக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. பேட்டரியை மிச்சப்படுத்த ஐந்து, பத்து, முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் அளக்கும்படி அமைத்துக்கொள்ளும் வசதி மலிவு விலைப் பேண்டுகளில் இருக்கிறது. முப்பது நிமிட இடைவெளியில் அளந்தால் உண்மையான தாழ்ந்த கட்டம் தப்பிவிடலாம். எண் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். அடிக்கடி அளக்கும்படி அமைப்பை மாற்றிய அன்று துடிப்பு ‘குறைந்துவிட்டது’ என்று மகிழ்வதில் பொருளில்லை.

இந்த வித்தியாசம் வெறும் நுணுக்கம் அல்ல என்பதற்குக் காரணம், ஓய்வுத் துடிப்பையும் ஆயுளையும் இணைக்கும் ஆய்வுகள். டென்மார்க்கில் 1980களின் நடுவில் பரிசோதிக்கப்பட்ட 2,798 ஆண்களைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கோபன்ஹேகன் ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஓய்வுத் துடிப்பு 10 கூடினால் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியது என்றது அது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போட்டன. ஆனால் அந்த ஆண்கள் விழித்த நிலையில் மருத்துவப் பரிசோதனையில் அளக்கப்பட்டவர்கள். அந்த அட்டவணையில், தூங்கும்போது மோதிரம் எடுத்த 52ஐக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து ‘எனக்கு அபாயமே இல்லை’ என்று நிம்மதி அடைவது கணக்கே அல்ல. இன்னொன்று: துடிப்பு கூடியவர்களிடம் இறப்பு கூடியது என்பதால், துடிப்பைக் குறைத்தால் ஆயுள் நீளும் என்று தானாக ஆகிவிடாது.

மென்பொருள் புதுப்பிப்பு மற்றொரு தொல்லை. ஒரு இரவில் தொலைபேசி தானாகவே புதிய பதிப்பை இறக்கிக்கொள்கிறது. கணக்கிடும் முறையில் ஏதோ மாறுகிறது. வரைபடம் இரண்டு துடிப்பு இறங்குகிறது. அணிந்திருப்பவர் அதைத் தன் நடைப்பயிற்சியின் பலன் என்று எண்ணுகிறார். ரத்தப் பரிசோதனைக் கூடம் முறையை மாற்றினால் அறிக்கையில் அச்சிட வேண்டும். அணிகருவிகளுக்கு அப்படியொரு கடமையை யாரும் விதிக்கவில்லை. உடல்நலப் பழக்கங்களுக்கு மட்டும் உதவும் கருவிகளை அமெரிக்க எஃப்.டி.ஏ. மருத்துவக் கருவிகளாக நடத்துவதில்லை. சாதாரணத் துடிப்பு மானிகள் அந்த வகையில்தான் அடங்குகின்றன. 2018இல் ஆப்பிள் வாட்ச்சின் ஈசிஜி வசதி தனியாக அனுமதி பெற்றதைக் காட்டி, கடிகாரத்தின் எல்லா எண்களும் அனுமதி பெற்றவை என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

கறுத்த தோலும் பச்சை ஒளியும்

தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி இது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். தோல் கறுக்கக் கறுக்க உள்ளே போய்த் திரும்பும் ஒளி குறையும், அலை மெலியும். விளக்கின் பிரகாசத்தைக் கூட்டி இதை ஈடுசெய்யலாம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு கறுத்த தோலில் பிழை கூடுதல் என்று கண்டது. டியூக் ஆய்வு இதையே முக்கியக் கேள்வியாக எடுத்துச் சோதித்து, தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. 2022இல், மொத்தம் 469 பேர் அடங்கிய பத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நான்கில் மட்டும் கறுத்த தோலில் துல்லியம் குறைந்திருந்தது. முடிவாக ஒன்றும் சொல்ல முடியாத நிலை.

கோவிட் காலத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் பற்றி வந்த செய்தியோடு இதைக் குழப்பக் கூடாது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த ஆய்வு, ஆக்சிமீட்டர் சரி என்று காட்டிய நோயாளிகளில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம் என்றது. ஆக்சிஜனைக் கணிக்க இரண்டு நிற ஒளிகளின் அளவுகளைத் துல்லியமாக ஒப்பிட வேண்டும். மெலனின் அந்த விகிதத்தையே சாய்த்துவிடும். துடிப்பை எண்ண அலையின் முகடு எப்போது வருகிறது என்று தெரிந்தால் போதும். அலை மெலிந்தாலும் முகட்டின் நேரம் மாறாது. ஆகவே ஓய்வில் எடுக்கும் துடிப்புக்குத் தோல் நிறம் பெரிய தடையில்லை, அசைவும் சேர்ந்தால்தான் தடை என்று நான் கருதுகிறேன்.

ஆனால் இந்த ஆய்வுகளில் ஒரு குறை இருக்கிறது. தோலை வகைப்படுத்த இவை பெரும்பாலும் கையாளும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல், 1975இல் வெள்ளைத் தோல் வெயிலில் எப்படிச் சிவக்கும் என்பதைக் கணிக்க உருவானது. கறுத்த தோலுக்கான வகைகள் பிறகு ஒட்டவைக்கப்பட்டவை. மாநிறம் முதல் நல்ல கறுப்பு வரை தென்னிந்தியாவின் அத்தனை நிறங்களும் அதில் கடைசி இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடைக்கப்படும். இந்தக் கட்டுரையில் குறிப்பிட்ட சோதனைகளில் எந்த ஒன்றிலும் இந்திய நிறுவனத்தின் கடிகாரம் இல்லை. நம் கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் விற்கும் பேண்டுகளை, நம் தோலில், நம் வெயிலிலும் வியர்வையிலும் வைத்துச் சோதிக்க நம் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு ஹோல்ட்டர் மானிட்டர் (உடலில் அணிந்துகொள்ளும் ஈசிஜி), சில டஜன் தன்னார்வலர்கள், ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வேடு போதும்.

கருவி ஏமாறும் இடங்கள்

இதயம் ஒழுங்காகத் துடிக்கும் வரைதான் மேலே சொன்ன துல்லியமெல்லாம். மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயில் சில துடிப்புகள் அவசரமாக வந்துவிடும். இதயம் நிரம்பாமலே சுருங்குவதால் மணிக்கட்டுக்கு அலை வந்து சேராது. ஈசிஜியில் 110 இருக்க, மணிக்கட்டில் 85தான் தெரியலாம். மருத்துவர்கள் கையால் நாடி பார்த்த காலத்திலிருந்தே அறிந்த குறைபாடு இது. ஒளி வந்தும் தீரவில்லை. இதை விடக் குழப்பமானது, ஒவ்வொரு இயல்பான துடிப்புக்கும் பின்னால் ஒரு முந்திய துடிப்பு வரும் நிலை. முந்தியது வலுவற்றதாக இருந்தால் கருவி பாதியைத்தான் எண்ணும். உண்மையில் 80 துடிக்கும் இதயத்துக்குக் கடிகாரம் 40 என்று காட்டும். விளையாட்டு வீரரின் இதயம் என்று அணிந்தவர் பெருமைப்படுவார்.

குளிர்ந்த கை, தளர்வான பட்டை, மணிக்கட்டு எலும்பின் மேல் கட்டுவது, அடர்ந்த பச்சை குத்தல் ஆகியவையும் அலையைக் கெடுக்கும். பச்சை குத்தலால் சென்சார் தடுமாறும் என்பதை ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது.

கருவி சரியாகக் காட்டியும் நாம் தவறாகப் படிக்கும் இடங்களும் உண்டு. பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பைக் குறைக்கும். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு பத்து அளவில் ஏறும். ராத்திரி குடித்த மதுவின் சுவடு காலை எண்ணில் இருக்கும். கருத்தரித்திருக்கும்போதும், மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியிலும் கூடும். மூச்சை இழுக்கும்போது வேகம் கூடி விடும்போது குறைவது ஆரோக்கியமான இதயத்தின் இயல்பு. திரையில் எண் 58க்கும் 64க்கும் இடையே தாவினால் கருவி பழுது என்று பொருளல்ல.

தன்னோடு தான் ஒப்பிடுதல்

இவ்வளவுக்குப் பிறகும் இந்த எண்ணுக்குப் பயன் உண்டு. அது வேறு திசையில் இருக்கிறது. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஃபிட்பிட் அணிந்த 92,457 பேரின் தினசரி ஓய்வுத் துடிப்பைப் பார்த்தது. சராசரி 65.5. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பிரமாண்டம்: ஒருவருக்கு 40 இயல்பென்றால் இன்னொருவருக்கு 109 இயல்பு. அதே சமயம் ஒரே ஆளிடம், ஒரு வாரத்துக்குள் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மூன்று துடிப்பு அளவில்தான். ஊராரோடு ஒப்பிட்டால் ஒன்றும் சொல்லாத எண், நேற்றைய நம்மோடு ஒப்பிட்டால் எதையோ சொல்கிறது. கருவி எப்போதும் மூன்று துடிப்பு குறைத்துக் காட்டினாலும் இந்த ஒப்பீடு கெடாது. நேற்றும் அதே மூன்றைத்தானே குறைத்தது.

இந்த அடிப்படையில்தான் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வாளர்கள் ஐந்து மாநிலங்களின் ஃபிட்பிட் தரவை வைத்து ஃப்ளூ பரவலைக் கணிக்க முயன்றார்கள். கோவிட் வந்தபோது ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ஸ்னைடர் குழு, தொற்று உறுதியான 32 பேரில் 26 பேரின் கடிகாரத் தரவில் மாற்றம் தெரிந்ததாகச் சொன்னது. பின்னாளில் வந்த இன்னொரு ஆய்வு, கோவிட் கண்டவர்களின் ஓய்வுத் துடிப்பு பழைய நிலைக்குத் திரும்பச் சராசரியாக 79 நாட்கள் ஆனதாகக் காட்டியது. மனிதர்களுக்கே தெரியாமல் உடல் வைத்திருந்த கணக்கு அது. ஆனால் ஸ்கிரிப்ஸின் டிடெக்ட் ஆய்வு ஒரு முக்கியமான தணிப்பையும் தந்தது: ஓய்வுத் துடிப்பை மட்டும் வைத்து, அறிகுறி உள்ளவர்களில் கோவிட் யாருக்கு, யாருக்கு இல்லை என்று பிரிக்க முடியவில்லை. தூக்கம், நடை, அவர்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாம் சேர்ந்தபோதுதான் கணிப்பு தேறியது. துடிப்பு ஏறினால் ஏதோ நடக்கிறது. என்ன நடக்கிறது என்று அது சொல்லாது.

ஆகவே ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து என் முடிவு இது: பெயர்பெற்ற நிறுவனத்தின் கருவி, ஒழுங்கான இதயம், அசையாத கை என்ற மூன்றும் இருந்தால் துடிப்பு எண்ணிக்கையை ஓரிரு துடிப்பு முன்பின்னாக நம்பலாம். அதிலிருந்து செய்யும் ஓய்வுத் துடிப்பு என்ற எண்ணை, ஒரே கருவியில் சில வாரங்கள் பார்த்த போக்காக நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடும், பழைய கடிகாரத்தின் எண்ணோடும், பாடப்புத்தக வரம்போடும் ஒப்பிட நம்ப முடியாது.

சந்தேகம் வந்தால் தீர்க்கும் வழி கையிலேயே இருக்கிறது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, முழு அறுபது விநாடி எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்பு தவறினாலும் நான்கு துடிப்புப் பிழையாகிவிடும். கடிகாரத்தை விட நீங்கள் மோசமான கருவி ஆகிவிடுவீர்கள். எண்ணும்போது ஒழுங்கின்மை தட்டுப்பட்டாலும், உட்கார்ந்த நிலையில் தொடர்ந்து 100க்கு மேலே இருந்தாலும், குறைந்த துடிப்போடு மயக்கமோ தலைசுற்றலோ சேர்ந்தாலும் கடிகாரத்தோடு வாதாட வேண்டாம், ஈசிஜி எடுத்துவிடுங்கள். திரையில் எண் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் எண்ணைக் காட்டும்போது கூடவே மூன்று விவரங்களைச் சொல்லுங்கள்: எந்தக் கருவி, தூக்கத்தில் எடுத்ததா விழிப்பில் எடுத்ததா, எத்தனை வாரப் போக்கு.